பிரிக்கத் தெரிந்த கை

எங்கள் வீட்டில் யாருக்கும் முதலில் தைக்கச் சொல்லிக் கொடுத்ததில்லை. பிரிக்கத்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

அம்மாச்சி தரையில் சம்மணம் போட்டு, குட்டை மேசைமேல் கைமிஷினை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் பழைய துணிக் குவியல். அருகில் போய் நின்றால் போதும், ஒரு சட்டையைத் தூக்கி மடியில் போடும். "சும்மாதான இருக்க, இந்தத் தையலை எடு. துணியில ஒரு இழை அறுந்துச்சு, அப்புறம் இந்தப் பக்கமே வரப்படாது." அரை பிளேடை ஒரு பக்கம் துணி சுற்றிக் கொடுக்கும். எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். ஏழு வயதுப் பையன் கையில் பிளேடா என்று இன்றைக்குக் கேட்பார்கள். எங்கள் குடும்பத்தில் இடது கட்டைவிரலில் தழும்பு இல்லாத ஆள் கிடையாது. அந்தக் கேள்விக்கு அதுதான் பதில்.

பிரிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. தெரியாதவர்கள் நூல்முனையைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பார்கள். துணி சுருங்கும், நூல் அறும், ஓட்டை பெரிதாகும். மிஷின் தையலில் மேல் நூல் ஒன்று, அடியில் பாபின் என்ற சின்ன உருளையில் சுற்றிய நூல் ஒன்று. இரண்டும் துணியின் வயிற்றுக்குள் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு கிடக்கும். அதனால் ஒரு பக்கத்தில் மட்டும் நாலைந்து தையலுக்கு ஒரு வெட்டு. கடைசிவரை வெட்டிவிட்டுத் துணியைத் திருப்பி, மறுபக்கத்து நூலின் முனையைப் பிடித்தால் ஒரே இழையாக உருவிக்கொண்டு வரும். அந்த உருவலில் ஒரு சுகம் உண்டு. அதற்காகவே நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம். வெட்டிய பக்கத்தில் நூல் துணுக்குகள் பூனை மீசை மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். அவற்றைப் பொறுக்குவதற்கு யாரும் சண்டை போட்டதில்லை.

அம்மா காலத்தில் பிளேடு போய் ரிப்பர் வந்தது. கவைக்குச்சியைச் சின்னதாக்கியது போன்ற முனை. ஒரு கிளை ஊசிக்கூர். இன்னொன்றின் நுனியில் சிவப்பு உருண்டை. நானும் ரொம்ப நாள் அந்த உருண்டையை அழகுக்கு வைத்தது என்றுதான் நினைத்தேன். தையலுக்குள் நுழைத்துச் சறுக்கிக்கொண்டு போகும்போது உருண்டை துணிமேல் உரசிப் போகும், கூர் துணியைத் தொடாது. நடுவில் இருக்கும் வளைவில்தான் வெட்டு. அம்மாச்சி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல பிரிச்சா பிள்ளைகளுக்கு பயம் இருக்காதே" என்றது. பயம் இருந்தால்தான் கவனம் இருக்கும் என்பது அதன் கணக்கு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என் மகளுக்கு ரிப்பர்தான் கொடுத்திருக்கிறேன்.

எல்லாத் தையலும் இப்படி மல்லுக்கட்டாது. சாக்கு மூட்டையின் வாயைத் தைத்திருப்பார்களே, அது பெரும்பாலும் ஒற்றை நூல் சங்கிலித் தையல். சரியான முனை கிடைத்தால் சரசரவென்று மொத்தமும் கையோடு வந்துவிடும். தப்பான முனையைப் பிடித்தால் ஒரு நாள் போகும். ஓரளவு உருப்படியாக ஓடிய முதல் தையல் மிஷின் போட்டதும் இந்தச் சங்கிலித் தையலைத்தான். பார்த்தலெமி திமோனியே என்ற பிரெஞ்சுத் தையற்காரர் 1830-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பாரிஸில் பட்டாளத்துக்குச் சீருடை தைக்க எண்பது மிஷின்போல வைத்து ஒரு பட்டறை நடந்தது. பிழைப்பு போய்விடும் என்று பயந்த தையற்காரர்கள் 1831-இல் உள்ளே புகுந்து அத்தனையையும் நொறுக்கினார்கள். திமோனியே கடைசியில் வறுமையில்தான் செத்தார். அவர் மிஷினை நொறுக்கியவர்களும் அவரைப் போலவே தையற்காரர்கள் என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும் விஷயம்.

நம் வீட்டு மிஷின்கள் போடும் இரட்டை நூல் தையலுக்கு வழி அமெரிக்காவில் பிறந்தது. வால்டர் ஹன்ட் 1830-களிலேயே அப்படி ஒன்றைச் செய்துவிட்டுக் காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டார். எலியாஸ் ஹோவ் 1846-இல் வாங்கினார். ஐசக் சிங்கர் 1851-இல் தன் மிஷினுக்கு வாங்கினார். பிறகு வழக்கு, ஹோவுக்கு உரிமைத்தொகை என்று கதை நீளும். எனக்கு அந்தச் சண்டையைவிட ஊசிதான் முக்கியம். கையூசிக்குக் காது தலையில் இருக்கிறது. மிஷின் ஊசிக்கு முனையில். ஊசி முழுதாகத் துணியைக் கடந்து மறுபக்கம் போய்த் திரும்ப வேண்டியதில்லை. காது மட்டும் எட்டிப் பார்த்தால் போதும். எட்டிப் பார்த்துவிட்டு ஊசி கொஞ்சம் மேலே ஏறும்போது நூல் தளர்ந்து ஒரு கண்ணி விழும். அந்தக் கண்ணியை ஒரு கொக்கி கவ்வி, பாபினைச் சுற்றிக் கொண்டுபோய் விடும். அவ்வளவுதான் மொத்தச் சூட்சுமமும். காது வைத்த எலும்பு ஊசி சுமார் 40,000 வருஷத்துக்கு முன்பே சைபீரியாவில் இருந்திருக்கிறது. காதைத் தலையிலிருந்து முனைக்கு இறக்கத்தான் மனிதனுக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

காது என்றதும் ஞாபகம் வருகிறது. வயதான பிறகு அம்மாச்சிக்கு நூல் கோக்கக் கண் தெரியவில்லை. பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன் நான் பத்து ஊசியை எடுத்து, நூல்கண்டின் ஒரே நூலில் வரிசையாகக் கோத்து வைத்துவிட்டுப் போவேன். அதற்கு வேண்டும்போது ஒரு ஊசியை மட்டும் நிறுத்தி, மற்ற ஒன்பதையும் கண்டுப் பக்கம் தள்ளிவிட்டு, நூலை முழங்கை நீளத்துக்கு வெட்டிக்கொள்ளும். அதற்கு மேல் நீளம் விட்டால் சிக்கு விழும். "ஊசிக்குக் காது இருக்கு, கேக்க மாட்டேங்குது. எனக்குக் கண்ணு இருக்கு, பாக்க மாட்டேங்குது" என்று ஒவ்வொரு சாயங்காலமும் சொல்லும். ஒவ்வொரு சாயங்காலமும் நாங்கள் சிரிப்போம்.

சரி, அம்மாச்சியின் கைக்கு வருகிறேன். அம்மாச்சிக்கு இடக்கை.

கைமிஷினில் அது ஒரு குறையே இல்லை. கைப்பிடி வலப்பக்கம், வலது கை சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். துணியை நடத்திக்கொண்டு போவது இடது கைதான். வளைவு, திருப்பம், மூலை எல்லாம் அதன் பாடு. வலக்கைக்காரர்கள் முதல் மாசம் தடுமாறும் வேலை அம்மாச்சிக்கு முதல் நாளே வந்துவிட்டதாம். "மிஷினைக் கண்டுபிடிச்சவனும் நம்ம கைதான்டா" என்று நம்பிக்கொண்டிருந்தது. நான் திருத்தவில்லை.

தொல்லை கொடுத்தது கத்தரிக்கோல். கடையில் கிடைக்கும் கத்தரி வலக்கைக்குச் செய்தது. வலது கையில் பிடித்து அழுத்தும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களும் இரண்டு அலகையும் ஒன்றோடொன்று நெருக்கும். அதே கத்தரியை இடக்கையில் பிடித்தால் அழுத்தம் அலகுகளை விலக்கிவிடும். துணி வெட்டுப்படாது, நடுவில் மடிந்து மென்று துப்பியது போல ஆகும். போதாததற்கு, சாக் கட்டியால் போட்ட கோடு மேல் அலகுக்குப் பின்னால் மறைந்துபோகும். இடக்கைக் கத்தரி என்று தனியாக ஒன்று இருப்பதே அம்மாச்சிக்குக் கடைசிவரை தெரியாது. அதனால் அது வெட்டிய ஓரம் எல்லாம் எலி கடித்த ஓரம். அந்த எலிக்கடிக்குப் பயந்து, தையல் கோட்டுக்கு வெளியே தாராளமாக ஒரு இஞ்ச் துணி விட்டே வெட்டும்.

வீட்டில் தைப்பவர்கள் துணிமேல் வைத்து வெட்டும் காகித மாதிரிகளில் தையலுக்கு விடச் சொல்வது பொதுவாக ஒன்றரை சென்டிமீட்டர். ஆயத்த ஆடைகளில் ஒரு சென்டிமீட்டர் இருந்தாலே அதிகம். எங்கள் வீட்டில் ஒரு இஞ்ச். அது சட்டம். "ஒரு இஞ்ச் விடு, பிள்ளை வளரும்." அம்மா அதைச் சொல்லிச் சொல்லி வெட்டும். சித்தியும் அப்படித்தான். பக்கத் தையலைப் பிரித்துத் தளர்த்தி, அடியில் போட்ட டக்கை வருஷத்துக்கு ஒன்றாக அவிழ்த்து, ஒரு கவுன் மூன்று பிள்ளைகளைப் பார்த்துவிடும். சொந்தக்காரர்கள் எல்லாரும் அம்மாச்சியின் தொலைநோக்கைப் பற்றிப் பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன்.

அம்மாதான் ஒருநாள் உடைத்தது. "தொலைநோக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்கம்மாவுக்கு நேரா வெட்ட வராது. கோணலை உள்ள மறைக்கத்தான் அத்தனை துணி விடும். அப்புறம் பிரிச்சுப் பாத்தா உள்ள துணி இருக்கு, பிள்ளைக்கு ஆச்சுன்னு அதையே சாமர்த்தியம் ஆக்கிருச்சு."

எனக்கு இது தெரிந்த பிறகு அந்த ஒரு இஞ்ச் மேல் பிரியம் கூடத்தான் செய்தது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காரணம் தெரியாமல் கடைப்பிடித்ததால் அம்மா கழுத்துக்கும் கைக்குழிக்கும்கூட ஒரு இஞ்ச் விட்டது. நேர்த் தையலில் அது சரி. வளைவில் விடக் கூடாது. கழுத்து வளைவின் வெட்டு ஓரம் தையல் கோட்டைவிடக் குட்டை; உள்ளே மடக்கும்போது நீளம் பற்றாமல் இழுக்கும். அதை இடையிடையே கொத்திவிட்டாலும் மொத்தையாக நிற்கும். எங்கள் சிறுவயதுப் படங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கழுத்துச் சுற்றி ஒரு சின்ன வரப்பு தெரியும். அத்தனை வலக்கைக்காரர்களும் ஒரு இடக்கையின் கோணலைச் சுமந்துகொண்டு நிற்கிறோம்.

மிஷின் விஷயத்தில் அம்மா அப்படி இல்லை, விவரம். துணியின் அடியில் நூல் கூடு கட்டினால் எல்லாரும் பாபினைக் கழற்றிப் போட்டு உருட்டுவார்கள். அம்மா தொடவே தொடாது. துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கிவிடும், மேல் நூலை முழுசாக உருவிவிட்டுத் திரும்பக் கோக்கும். பாதம் இறங்கியிருக்கும்போது மேலே நூலை இறுக்கும் இரண்டு தட்டும் மூடிக்கொண்டிருக்கும். நூல் நடுவே போய் உட்காராது, விறைப்பே இல்லாமல் தொளதொளவென்று வரும். அந்தத் தொளதொளப்பு எல்லாம் அடியில் போய்க் குவியும். அடியில் குப்பை என்றால் மேலே பார். மேலே பாபின் நூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் நூல் இறுக்கம் கூடிவிட்டது, அல்லது பாபின் தளர்ந்துவிட்டது. புது ஊசி போட்டால் பாதிச் சங்கடம் தீரும் என்றும் சொல்லும். 14-ஆம் நம்பர் ஊசிக்கு 90 என்றும் போட்டிருப்பார்கள், மில்லிமீட்டரில் நூறில் தொண்ணூறு பங்கு கனம் என்று அர்த்தம் என்பதை எனக்குச் சொன்னதும் அம்மாதான். அதைச் சொல்லிக் கொடுக்க அம்மாவுக்கும் யாரும் இல்லை. ஊசிப் பெட்டியையே உற்றுப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

நான் ஆண் பிள்ளை என்பது எங்கள் வீட்டில் பெரிய பேச்சாக இருந்ததில்லை. வெளியேதான். தைத்துப் பிழைப்பவர் ஆண் என்றால் கேள்வி இல்லை. வீட்டில் உட்கார்ந்து தைப்பவன் ஆண் என்றால் எல்லாருக்கும் கேள்வி வந்துவிடும். தமிழும் இதில் கொஞ்சம் உடந்தை. தையல் என்றால் பெண் என்றும் ஒரு பொருள் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அதை வைத்து என்னை ஓட்டாத நாள் இல்லை. தைப்பதற்குத் துன்னம் என்று ஒரு பழைய சொல் உண்டு, தைப்பவர் துன்னகாரர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போதே தெரிந்திருந்தால் திருப்பிக் கொடுத்திருக்கலாம். எங்கே, அவர்களுக்கும் புரிந்திருக்காது.

போன மாதம் பரணில் இருந்த பெட்டியிலிருந்து அக்காவின் கவுன் ஒன்று கிடைத்தது. அம்மாச்சி தைத்தது. என் மகளுக்கு எட்டு வயது. போட்டுப் பார்த்தாள், தோள் சரியாக இருந்தது, பக்கம் பிடித்தது. பிரித்துத் தளர்த்தலாம் என்று உட்கார்ந்தோம். அவளுக்கு ரிப்பர், எனக்குப் பழக்கதோஷத்தில் பிளேடு.

பழைய துணியைப் பிரிப்பது அந்நியர் வீட்டுக் கதவைத் திறப்பது மாதிரி. வெளியே வெளுத்துச் சாம்பலாகிப்போன நீலம், தையலுக்குள் வெயில் படாமல் அப்படியே இருந்தது. மகள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுதான் நிஜ கலராப்பா?" என்று கேட்டாள். உள்ளே தையல் கோட்டுக்கு இணையாக இன்னும் இரண்டு வரிசை ஊசித் துளை இருந்தது. பருத்தித் துணியில் துளைகள் துவைத்தால், நகத்தால் சுரண்டினால் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். இவை அப்படியே காய்ந்து நின்றுவிட்டன. அக்காவுக்குத் தைத்தது முதல் வரிசை. சித்தி மகளுக்காகத் தளர்த்தியது இரண்டாவது. மூன்றாவது யாருக்கு என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. எலிக்கடி ஓரமும் பத்திரமாக இருந்தது.

அடி ஓரம் கைத்தையல். அதைப் பிரிக்கக் குனிந்தபோதுதான் கவனித்தேன். ஓரம் மடித்து அடிக்கும் தையல் சாய்ந்து சாய்ந்து விழும். வலக்கைக்காரர் வலமிருந்து இடமாகப் போவார். இடக்கைக்காரர் இடமிருந்து வலமாக. சாய்வும் அதற்கேற்ப எதிரெதிராக இருக்கும். கையெழுத்தை மாற்றினாலும் இதை மாற்றுவது கஷ்டம். அம்மாச்சியின் சாய்வு இடக்கைச் சாய்வு, அதில் அதிசயம் இல்லை. அப்போது நான் போட்டிருந்த பேன்ட்டின் அடியை நானே போன வாரம் அடித்திருந்தேன். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்ததால் அந்த ஓரம் கவுனின் ஓரத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது.

இரண்டும் ஒரே சாய்வு.

எனக்கு வலக்கை. எழுதுவது, பந்து போடுவது, பிளேடு பிடிப்பது எல்லாமே வலது. வீட்டில் இருந்த மற்றத் துணிகளைத் தேடி எடுத்தேன். அம்மா அடித்த தலையணை உறை, அம்மா அடித்த என் பழைய சட்டை. அவை எல்லாம் மறுபக்கம் சாய்ந்திருந்தன. நான் தைத்தவை அத்தனையும் அம்மாச்சி பக்கம்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தன் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும் போல.

"எங்கம்மா இடக்கைல்ல. பக்கத்துல உக்காந்து பாத்தா எனக்குப் புரியவே இல்ல. எதிர்ல உக்கார வச்சுச்சு. கண்ணாடி பாக்குற மாதிரி, அது இடக்கைல செய்றதை நான் வலக்கைல செஞ்சேன். அப்பத்தான் வந்துச்சு."

"எனக்கும் எதிர்ல உக்காந்துதான சொல்லிக் குடுத்த?"

"ஆமா. தைக்கச் சொல்லிக் குடுக்குறதுன்னா எதிர்லதான உக்காரணும்?"

"உனக்கும் வலக்கை, எனக்கும் வலக்கை. பக்கத்துல உக்காந்திருக்கணும்மா."

"அது எனக்கு எப்படிடா தெரியும்? எங்கம்மா எதிர்லதான உக்காந்துச்சு."

கண்ணாடிக்குள் கண்ணாடி. அம்மாச்சி இடமிருந்து வலமாகப் போனதை அம்மா திருப்பிப் பிடித்தது. அம்மாவுடையதை நான் திருப்பிப் பிடித்தேன். முப்பத்தைந்து வருஷமாக வலது கையில் ஊசியைப் பிடித்துக்கொண்டு இடமிருந்து வலமாக, மணிக்கட்டை முறுக்கி முறுக்கித் தைத்துக்கொண்டிருக்கிறேன். தைத்தாலே மணிக்கட்டு வலிக்கும்தான் என்று நினைத்திருந்தேன். தையல் என்றால் வலி இருக்கும் என்று யாரிடமோ புத்தி வேறு சொல்லியிருக்கிறேன்.

நியாயமான திசையில் அன்றைக்கு முயன்று பார்த்தேன். வலமிருந்து இடமாக, மணிக்கட்டு சும்மா இருந்தது. வலியே இல்லை. தையல்தான் முதல் வகுப்புப் பிள்ளை எழுத்து மாதிரி ஏறி இறங்கியது. நாலு விரற்கடை போயிருப்பேன். பிரித்துவிட்டு என் பழைய திசைக்கே போய்விட்டேன்.

அதற்குள் மகள் ஒரு பக்கத்தை முழுக்கப் பிரித்து முடித்திருந்தாள். மறுபக்க நூலை ஒரே இழையாக உருவி எடுத்து விரலில் சுற்றி வைத்திருந்தாள். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் ஊடை இழை ஒன்று அறுந்திருந்தது. அவளும் அதைப் பார்த்தாள், நானும் பார்த்தேன், இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத் தையலை மிஷினில் தள்ளி அடித்தேன், மூன்று வரிசைத் துளைக்கும் வெளியே நாலாவதாக. உள்ளே இன்னும் அரைக்கால் இஞ்ச் மிச்சம் இருக்கிறது. இனித் தளர்த்தினால் பிய்ந்துவிடும். அடுத்த வருஷம் பக்கத்தில் வேறு துணி ஒட்டுக் கொடுக்க வேண்டியதுதான்.

அடி ஓரத்தைத் தானே அடிக்கிறேன் என்றாள். அவளுக்கும் வலக்கை. முதல் முறை ஊசி பிடிக்கிறாள். பழக்கத்தில் நாற்காலியை அவளுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. எதிரே உட்கார்ந்தால் அம்மாவின் சாய்வு திரும்பி வரும், மணிக்கட்டும் வலிக்காது. பக்கத்தில் உட்கார்ந்தால் என்னுடையது, அம்மாச்சியுடையது போகும், வலியோடு. மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் போட்டேன்.

"அங்கயே உக்காருப்பா" என்றாள். "இங்க உக்காந்தா உன் முழங்கை இடிக்குது."